பிக்கப்புக்கு எந்த லோடு பாடி? கம்பெனி பாடி, பட்டறைப் பாடி: ஒரு மதிப்பீடு

ஒன்று முதல் இரண்டு டன் வரை ஏற்றும் பிக்கப் வாங்கப் போகிறவருக்கு இரண்டு வழி உண்டு. பின்னால் கம்பெனியே பொருத்தித் தரும் லோடு பாடியோடு வண்டியை எடுக்கலாம். இல்லாவிட்டால் கேபினும் சேஸும் (வண்டியின் அடிச்சட்டம்) மட்டும் எடுத்து, பட்டறையில் விட்டுப் பாடி கட்டிக்கொள்ளலாம். மகிந்திரா பொலேரோ பிக்கப் விலைப்பட்டியலில் சி.பி.சி. என்று போட்டிருப்பது இந்தக் கேபின் சேஸ்தான். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரம் லாரி பாடிக்குப் பெயர்போனது. ஆனால் பிக்கப் பாடிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கோவை, மதுரை, சேலம், சென்னை என்று எல்லா ஊரிலும் கட்டுகிறார்கள். பட்டறையில் போய் என்ன கேட்பது, எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

முதலில் எடை. கம்பெனி விளம்பரத்தில் போடும் பேலோடு (ஏற்றக்கூடிய சரக்கு எடை), கம்பெனி பாடியோடு வரும் வண்டிக்கான கணக்கு. கேபின் சேஸ் எடுத்தால் அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும். ஜி.வி.டபிள்யூ., அதாவது சரக்கோடு சேர்ந்த மொத்த எடை, 2,990 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கேபின் சேஸ் மட்டும் 1,400 கிலோ. டிரைவர், கிளீனர் இருவருக்கும் 150 கிலோ. மீதி 1,440. இதில் பாடியின் எடை போகத்தான் சரக்கு. பாடி 300 கிலோ என்றால் 1,140 கிலோ ஏற்றலாம்; 405 கிலோ என்றால் 1,035தான். வருஷத்துக்கு 300 டிரிப் அடிக்கும் வண்டியில் இந்த 105 கிலோ 31 டன்னுக்கு மேல் போகிறது. அவ்வளவு இரும்பை டீசல் போட்டுச் சும்மா சுமக்கிறோம்.

300-ம் 405-ம் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் பட்டறையில் பேசுவது சுலபம். இரும்புத் தகடு 1 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. ஒன்பது அடி நீளம், ஐந்தரை அடி அகலப் பாடியின் தரை 4.6 சதுர மீட்டர். 2 மி.மீ. தகடு போட்டால் தரை மட்டும் 72 கிலோ. 3 மி.மீ. செக்கர் பிளேட் போட்டால் புடைப்புக் கோடுகளின் எடையும் சேர்ந்து 117 கிலோ. குறுக்குச் சட்டம் ஏழு: கடையில் கிடைக்கும் 75 மி.மீ. உருட்டுச் சேனல் மீட்டருக்கு ஏழு கிலோவுக்குச் சற்று மேல், மொத்தம் சுமார் 85. அதே அளவை 3 மி.மீ. தகட்டில் மடித்து எடுத்தால் மீட்டருக்கு 3.65, மொத்தம் 43 கிலோ. நெடுக்குச் சட்டம் இரண்டு: 100 மி.மீ. உருட்டுச் சேனலில் 53 கிலோ, 4 மி.மீ. மடிப்பில் 35. பக்க டோர் மூன்று, ஹெட் போர்டு (கேபினுக்குப் பின்னால் நிற்கும் முன்தடுப்பு), கீல், கொக்கி, மட்கார்டு எல்லாம் எப்படிக் கட்டினாலும் சுமார் 150 கிலோ. ஆக, 105 கிலோ வித்தியாசம் முழுக்கத் தரையிலும் அதற்குக் கீழேயும் இருக்கிறது. “கனமா போட்டுக் கொடுக்கறோம்” என்பது பட்டறையின் வழக்கமான விற்பனைப் பேச்சு. எந்த இடத்தில் கனம் என்று கேளுங்கள். செங்கல், ஜல்லி, இரும்புக் கம்பி ஏற்றும் வண்டிக்கு 3 மி.மீ. தரை தேவை. காய்கறி, மளிகை, பார்சல் வண்டிக்கு நல்ல சட்டத்தின் மேல் 2 மி.மீ. தாராளம்.

அடுத்தது சரக்கின் அடர்த்தி. மேலே சொன்ன வண்டியில் 1,140 கிலோவுக்கு மூன்று கிலோ செங்கல் 380 ஏற்றலாம். அதைத் தரை முழுக்கப் பரப்பினால் உயரம் 15 செ.மீ.தான், ஒரு சாண்கூட வராது. எம்-சாண்டும் ஏறக்குறைய அப்படியே. இந்தச் சரக்குக்கு ஒன்றரை அடி டோரே மிச்சம். அதற்கு மேல் அடைப்பு வைத்தால் அதிக பாரம் ஏற்றச் சொல்லித் தூண்டும், வேறு பயன் கிடையாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் வீதமும் அபராதம். சரக்கு பாடிக்கு வெளியே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருந்தாலும் 20,000. வைக்கோல், தென்னை நார், காலிக் கிரேட், மெத்தை போன்றவற்றில் கதை நேர்மாறு. எடை முடிவதற்கு முன்பே இடம் முடிந்துவிடும். அதற்குத்தான் ஆறடிக் கிரில் பாடி.

தக்காளி வண்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், அளவு எடுப்பதன் அருமை அங்கேதான் தெரியும். 600-க்கு 400 மி.மீ. பிளாஸ்டிக் கிரேட்; தக்காளியோடு 27 கிலோ. குறுகிய பக்கத்தை அகலவாக்கில் வைத்தால் நான்கு கிரேட்டுக்கு 1,600 மி.மீ. வேண்டும். ஐந்தரை அடி, அதாவது 1,676 மி.மீ. அகலம் என்று பேசி முடித்துவிட்டு வருவோம். அது வெளி அளவு. டோர் கனம் இரண்டு பக்கமும் போய், கீல் பட்டை உள்ளே துருத்திக்கொண்டு, உள் அகலம் 1,590 என்று வந்தால் நாலாவது கிரேட் இறங்காது. அடுக்குக்குப் பதினாறு வர வேண்டியது பன்னிரண்டாகிவிடும். பத்து மி.மீ.க்காகக் கால்வாசி இடம் வீண். ஆகவே பட்டறைக்குப் போகும்போது நீங்கள் ஏற்றப்போகிற கிரேட்டையோ சாக்கையோ ஒன்று எடுத்துப் போங்கள். எழுத்தில் தரும் அளவு “உள் அகலம் குறைந்தது 1,630, டோர் மூடிய நிலையில்” என்று இருக்கட்டும். நீளத்திலும் இதே கதை: ஒன்பது அடியில் நாலு வரிசை, பத்தடியில் ஐந்து. ஆனால் 1,140 கிலோவுக்கு 42 கிரேட்தான் ஏற்ற முடியும் என்பதால், ஒன்பது அடிப் பாடியில் மூன்று அடுக்கே போதும். தக்காளிக்காகப் பத்தடி கேட்பது தேவையில்லாத செலவு.

இப்போது கம்பெனி பாடி. அதற்கு நியாயமான பாராட்டு உண்டு. எடை குறைவு, தகட்டில் வரி வரியாக அழுத்தம் கொடுத்திருப்பதால் மெல்லிய தகடும் வளையாமல் நிற்கிறது. வண்டி முழுவதுமாகப் பதிவாகிறது, வாரண்டி ஒரே இடத்தில் இருக்கிறது, எடுத்த வாரமே வாடகைக்கு ஓடலாம். பொதுச் சரக்குக்கு இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. குறை எங்கே என்றால், அந்த வரித் தரையில் இரும்பு, கல் விழுந்தால் பள்ளம் விழும். சாக்கை இழுத்தால் வரியில் மாட்டும். பெயிண்ட் முதல் மழைக்காலத்துக்குள் தேய்ந்துவிடும். இதற்காகப் பலர் வண்டி எடுத்தவுடன் மேலே இன்னொரு தகடு போட்டு வெல்டிங் வைக்கிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் வரிப்பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், காய வழியில்லை, கீழ்த்தகடு உள்ளிருந்தே அரிக்கும். வெளியே தெரியும்போது தரையே கையோடு வரும். பாதுகாப்பு வேண்டுமானால் கழற்றிக் கழுவக்கூடிய ரப்பர் விரிப்பு போடுங்கள். கனமான தரை தேவை என்று முதலிலேயே தெரிந்தால் கேபின் சேஸ் எடுப்பதுதான் முறை.

பட்டறைப் பாடியில் மரமா, இரும்பா, அலுமினியமா என்பது பழைய வாதம். மரம் லேசானது என்பது பொய்க்கணக்கு. கருவேலம் போன்ற கெட்டி மரத்தில் ஓர் அங்குலப் பலகை சதுர மீட்டருக்கு 20 கிலோ, இரண்டரை மி.மீ. இரும்புத் தகட்டின் எடை. ஆனால் மரத்துக்கு வேறு குணம் உண்டு. வெயிலில் சுடாது, ஆடு மாட்டின் குளம்பு வழுக்காது, ஒரு பலகை போனால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். கால்நடை வண்டிக்கு மரத் தரையே சரி. போல்ட் துளையைச் சுற்றித்தான் முதலில் உளுக்கும். துளை போட்டவுடன் உள்ளே பெயிண்ட் விட்டு அடைக்கச் சொல்லுங்கள். அலுமினியம் சதுர மீட்டருக்கு 1 மி.மீ.க்கு 2.7 கிலோதான். பார்சல் கண்டெய்னருக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஒன்பது அடி நீளம், ஆறடி உயரக் கூண்டின் சுவரும் கூரையும் சுமார் 21 சதுர மீட்டர்: 1 மி.மீ. இரும்பில் 163 கிலோ, 1.5 மி.மீ. அலுமினியத்தில் 84. ஆனால் அலுமினியத் தகட்டை நேராக இரும்புச் சட்டத்தின் மேல் ரிவெட் அடித்தால், ஈரத்தில் இரண்டும் உரசும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவில் ரப்பர் பட்டை அல்லது சீலண்ட் கட்டாயம். அதோடு, அலுமினியத்தை வெல்டிங் செய்யத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் இல்லை.

நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் மீன் ஏற்றுகிறவர்களும், வேதாரண்யத்தில் உப்பு ஏற்றுகிறவர்களும் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீருக்குச் சாதா இரும்பும் ரெட் ஆக்சைடு பிரைமரும் தாங்காது. தரைக்கு எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) தகடு, அதைச் சுவரில் நான்கு அங்குலம் மடித்து ஏற்றி, பின்பக்கம் சின்னச் சரிவு, மூலையில் வடிகுழாய். குழாயின் வாய் சேஸ் மேலோ பட்டை ஸ்பிரிங் மேலோ சொட்டாதபடி வெளியே தள்ளி இருக்க வேண்டும். இந்த ஒரு குழாயை மறந்ததால் பாடி நன்றாக இருக்க, சேஸ் துருவேறிப் போன வண்டிகள் உண்டு.

பாடியை எங்கே உட்கார வைப்பது என்பதில் விதியும் இருக்கிறது, அறிவும் வேண்டும். பின் ஓவர்ஹாங் (பின் ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம்) வீல்பேஸில் (முன், பின் ஆக்சில்களுக்கு நடுவில் உள்ள தூரம்) 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி 93. வீல்பேஸ் 3,000 மி.மீ. என்றால் 1,800 வரை. ஆனால் சட்டம் விடுகிறது என்பதற்காக அவ்வளவு தள்ளக் கூடாது. சரக்கின் நடுப்புள்ளி பின் ஆக்சிலுக்கு முன்னால் விழ வேண்டும். 1,140 கிலோவின் நடு, ஆக்சிலுக்கு 200 மி.மீ. முன்னால் இருந்தால் முன்சக்கரத்துக்கு 76 கிலோ கூடும். 150 மி.மீ. பின்னால் போனால் முன்சக்கரத்திலிருந்து 57 கிலோ குறையும். அந்தப் பாரமும் சேர்ந்து பின் ஆக்சில் மேல் விழும். ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது அந்த லேசு ஆபத்து. “கேபினை ஒட்டி இடைவெளி வேண்டாம், இன்னும் ஒரு அடி பின்னால் நீட்டுங்க” என்று கேட்பவர்கள் இதை யோசிப்பதில்லை. கேபினுக்கும் ஹெட் போர்டுக்கும் மூன்று அங்குலம் இடைவெளி விடுங்கள்; கேபின் ரப்பரில் ஆடுகிறது, பாடி வேறு திசையில் முறுகுகிறது, ஒட்டி வைத்தால் பின்கண்ணாடி உடையும்.

சேஸோடு பாடியைப் பிடிப்பதுதான் பட்டறையின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும் இடம். பெயிண்டைப் பார்த்து மயங்காமல் குனிந்து அடியில் பாருங்கள். சேஸின் மேல், கீழ் மடிப்புகளில் துளை போடக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. கம்பெனி கொடுத்திருக்கும் பிராக்கெட் இருந்தால் அதில்தான் போல்ட். இல்லாத இடத்தில் யூ போல்ட். யூ போல்ட் இறுக்கும்போது சேஸ் சேனலின் மடிப்பு உள்வாங்காமல் இருக்க உள்ளே ஒரு முட்டுத் துண்டு வைப்பார்கள். சைலன்ஸர் பக்கம் அது மரமாக இருந்தால் கருகி, தளர்ந்து, யூ போல்ட் ஆடும். அங்கே இரும்புத் துண்டு வேண்டும். பிரேக் பைப்பும் ஒயரிங்கும் யூ போல்ட்டுக்கு அடியில் நசுங்காமல் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவில், பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக்கை மாற்றும் வால்வின் கம்பி சில வண்டிகளில் இருக்கும். அதை வளைத்துவிட்டால் பாரம் ஏற்றிய வண்டி பிரேக்கில் பின்தங்கும், காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

நெடுக்குச் சட்டத்தின் முன் நுனி சதுரமாக வெட்டி நிற்கக் கூடாது. ஓர் அடி நீளத்துக்கு அடியிலிருந்து சரித்துச் சீவியிருக்க வேண்டும். பாடி விறைப்பு, சேஸ் நெளிவு. விறைப்பு திடீரென்று முடியும் அந்த இடத்தில்தான், கேபினுக்குச் சற்றுப் பின்னால், சேஸ் விரிசல் விடும். முன்பக்கப் பிடிப்பில் ரப்பரோ ஸ்பிரிங்கோ வைத்து, பின்பக்கத்தை இறுக்கமாகப் பிடிக்கும் பட்டறை இதை அறிந்த பட்டறை. எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாகப் போல்ட் அடிப்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

சக்கரத்துக்கும் பாடியின் தரைக்கும் உள்ள இடைவெளியை வெறும் வண்டியில் அளந்து ஏமாந்துபோகிறார்கள். சேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஸ்டாப்பர் மோத எவ்வளவு தூரம் இருக்கிறதோ, டயர் அவ்வளவு மேலே வரும். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது இன்னும் அதிகம். ஸ்டாப்பர் இடைவெளியோடு இரண்டு அங்குலம் கூட்டி, அவ்வளவு இடம் டயருக்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் முழு லோடில் டயர் மட்கார்டைத் தேய்க்கும்.

வேலை நடக்கும்போது ஒருமுறையாவது போய்ப் பாருங்கள், குறிப்பாகத் தரைத் தகடு போடும் முந்தைய நாள். குறுக்குச் சட்டத்தின் மேல்பக்கம் பிரைமர் அடித்திருக்கிறதா என்பதை அன்றைக்கு மட்டும்தான் பார்க்க முடியும். தகடு மூடிய பின் அந்த இடத்துக்குப் பெயிண்ட் போகவே போகாது, துருப்பிடிப்பது அங்கிருந்துதான் தொடங்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும். எர்த் கிளாம்ப், வெல்டிங் வைக்கும் துண்டிலேயே மாட்டியிருக்க வேண்டும். பி.எஸ்.6 வண்டிகளில் இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) போனால் அந்தச் செலவுக்குப் பாடியில் பாதி கட்டிவிடலாம்.

டோர் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் ஒரே துண்டாக ஒன்பது அடி டோர் வேண்டாம். ஒரு ஆள் தூக்கி மூட முடியாது. நடுவில் தூண் வைத்து இரண்டாகப் பிரியுங்கள், அந்தத் தூணும் கழற்றும்படி இருந்தால் நீளச் சரக்குக்கு உதவும். கொண்டி மூடினால் டோர் ஆடக் கூடாது, ஆடினால் கீல் துளை நீள்வட்டமாகிவிடும். தார்பாய்க் கொக்கி ஒன்றரை அடிக்கு ஒன்று, டோரில் வேண்டாம், தரைச் சட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

காகித வேலை. கேபின் சேஸ் தற்காலிகப் பதிவில்தான் பட்டறைக்கு வரும். அதில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்குள் பாடி முடிந்து ஆர்.டி.ஓ. போக வேண்டும். படிவம் 22-ஏ இரண்டு பகுதி. முதல் பகுதி வண்டிக் கம்பெனி தருவது, இரண்டாவது பாடி கட்டியவர் கையெழுத்திட்டுத் தருவது. லாரி பாடிக்கான ஏ.ஐ.எஸ்.-093 விதித்தொகுப்பின்படி அங்கீகாரம் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டை இல்லாமல் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் போய் நிற்க வேண்டாம். ஆர்.சி.யில் பாடி வகை பதிவாகும். பிறகு திறந்த பாடியைக் கூண்டாக்கினால் அதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், இன்சூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். பாடியின் ஜி.எஸ்.டி. பில் தொகையை இன்சூரன்ஸ் மதிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காவிட்டால் விபத்தில் சேஸுக்கு மட்டும்தான் பணம் வரும்.

எடை மேடைச் சீட்டு இரண்டு வாங்குவதை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். பட்டறைக்குள் போகும் அன்று வெறும் கேபின் சேஸ் ஒரு எடை, பாடி கட்டி வெளியே வரும் அன்று இன்னொரு எடை, இரண்டிலும் டீசல் ஏறக்குறைய ஒரே அளவு. பேசிய எடையை விட முப்பது கிலோவுக்கு மேல் கூடியிருந்தால் கடைசித் தவணையை நிறுத்திவைத்து விளக்கம் கேட்கலாம். ஒப்பந்தத்திலேயே “பாடி எடை 300 கிலோ, கூடினால் 30-க்குள்” என்று எழுதி வாங்கிக்கொண்டால் பேச்சுக்கே இடமில்லை. நல்ல பட்டறைக்காரர் இதற்குச் சம்மதிப்பார்.

வண்டி வெளியே வந்து முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வேண்டும். பெயிண்ட் கனமும் பேக்கிங்கும் அமுங்கி, நட்டு தானாகவே தளர்ந்திருக்கும். 2,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை. அப்போது நட்டின் மேல் சுண்ணாம்பிலோ பெயிண்டிலோ ஒரு கோடு போட்டு, அது யூ போல்ட் மேலும் தொடரும்படி விட்டால், பிறகு குனிந்து பார்த்தாலே எது நகர்ந்தது என்று தெரியும்.